பின்பாரம்

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் பத்துப் பதினைந்து ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களின் கொட்டகையில் ஒரு சின்ன டிராக்டர் நிற்பது சாதாரணக் காட்சி. 25 முதல் 40 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, முன்னால் இரண்டு ஹைட்ராலிக் கைகளில் ஒரு பக்கெட், அதாவது லோடர். உழவு இந்த வண்டிக்கு எப்போதாவது வரும் வேலை. பனிக்காலத்தில் வாசல் பாதையை மூடிய பனியை அள்ளுவது, பாதைக்கு ஜல்லி கொட்டுவது, தொழுவத்துச் சாணத்தை உரக்குவியலுக்குக் கொண்டுபோவது, உருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டைத் தூக்குவது என்று அதன் பிழைப்பு முழுவதும் முன்பக்கத்தில்தான். அப்படிப்பட்ட வண்டியின் பின்னால், கலப்பை தொங்கவேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கான்கிரீட் கட்டி தொங்கிக்கொண்டிருக்கும். சிலரிடம் அது எண்ணெய் டிரம்முக்குள் வார்த்தது. சிலரிடம் பலகை அடித்து வார்த்த பெட்டி. டிராக்டர் கம்பெனிகள் இதற்கென்றே வார்ப்பிரும்பு எடைகளும் இரும்புப் பெட்டிகளும் விற்கின்றன. ஆனாலும் ஒரு வார இறுதியும் சில மூட்டைக் கலவையும் போதும் என்பதால் வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் ஏராளம்.

எதற்கு இந்தக் கட்டி என்று கேட்டால், முன்னால் சுமை ஏற்றும்போது பின்பக்கம் தூக்காமல் இருக்க என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பின்பக்கம் தூக்குவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. அது வருவதற்கு வெகுமுன்பே வண்டி பக்கவாட்டில் சாயத் தயாராகிவிடுகிறது, முன் ஆக்சில் தாங்கக்கூடாத பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்வதில், கட்டி எத்தனை கிலோ என்பதைக் காட்டிலும் அது எந்த இடத்தில் தொங்குகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்தக் கம்பெனியின் வண்டியும் அல்ல. இந்த ரக டிராக்டர்களுக்குப் பொருந்தும்படி எண்களை நான் முழு எண்களாக வைத்துக்கொண்டிருக்கிறேன். டிராக்டரின் எடை 1,200 கிலோ. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 1.6 மீட்டர். லோடர் மாட்டாதபோது முன் ஆக்சில் 500 கிலோவும் பின் ஆக்சில் 700 கிலோவும் தாங்குகின்றன. லோடரின் எடை, பக்கெட்டையும் சேர்த்து, 300 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் முன் ஆக்சிலுக்கு 40 செ.மீ. முன்னால் இருக்கிறது. பக்கெட்டில் கால் கன மீட்டர் ஜல்லி. ஏறத்தாழ 400 கிலோ. அதன் மையம் முன் ஆக்சிலிலிருந்து 1.4 மீட்டர் முன்னால்.

முன் ஆக்சில்தான் இங்கே நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. ஜல்லியின் திருப்புத்திறன் 400 × 1.4, அதாவது 560. இதை ஆக்சில்களின் இடைவெளியான 1.6-ஆல் வகுத்தால் 350 வரும். பக்கெட்டில் விழுந்த 400 கிலோ ஜல்லி, பின் சக்கரங்களின் மேலிருந்த 350 கிலோவைப் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம். லோடர் தன் பங்குக்கு 75 கிலோவை எடுத்துக்கொள்கிறது. பின் ஆக்சிலில் இருந்த 700-இல் எஞ்சுவது 275. பிடுங்கிய எடை காற்றில் போய்விடாது. முன் ஆக்சிலில் போய் உட்காரும். ஜல்லியின் சொந்த எடை 400, பின்னாலிருந்து வந்தது 350, ஆக 400 கிலோ சுமைக்கு முன் ஆக்சில் 750 கிலோ தாங்குகிறது. எல்லாம் சேர்ந்து முன்னால் 1,625 கிலோ. லோடர் இல்லாதபோது அது தாங்கியது 500.

இந்த வண்டி முன்னால் குப்புற விழ இன்னும் இடமிருக்கிறது. பின் சக்கரங்கள் முழுதாகத் தரையைவிட்டு எழும்ப பக்கெட்டில் 700 கிலோவுக்கு மேல் வேண்டும்; இந்த அளவு லோடர்கள் பெரும்பாலும் அவ்வளவு தூக்குவதில்லை. ஓட்டுபவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். ஆனால் ஒரு மேட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கினாலோ, இறங்கிக்கொண்டிருக்கும் பக்கெட்டைச் சட்டென்று நிறுத்தினாலோ, அந்தக் கணத்தில் முன் ஆக்சிலில் விழும் விசை நின்ற நிலைக் கணக்கைத் தாண்டிப் போகும். கிங்பின், புஷ், எண்ணெய் சீல், நான்கு சக்கர இழுவை என்றால் முன் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் என எல்லாம் இந்த அடியை வாங்குகின்றன. ஸ்டியரிங் கனக்கிறது, சீலில் எண்ணெய் கசிகிறது என்று பட்டறைக்கு வரும் லோடர் வண்டிகளில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பின்னால் என்ன மாட்டியிருந்தீர்கள் என்பது.

இப்போது 300 கிலோ பின்பாரம் சேர்ப்போம். பின் டயர்களுக்குள் திரவமாக நிரப்பினால், அல்லது சக்கரத்தில் இரும்புத் தட்டாக மாட்டினால், அந்த 300-ம் நேராகப் பின் ஆக்சிலில் இறங்கும்: 275 என்பது 575 ஆகும். முன் ஆக்சிலில் மாற்றமே இல்லை. 1,625 அப்படியே நிற்கும். அதே 300 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு 80 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால் கதை மாறுகிறது. இப்போது பின் ஆக்சில் ஆதாரப்புள்ளியாகிறது. 300 × 0.8 ÷ 1.6 = 150 கிலோ முன் ஆக்சிலிலிருந்து கழிகிறது. முன்னால் 1,475, பின்னால் 725. கட்டியின் எடை 300தான். பின் சக்கரங்களுக்குக் கிடைத்தது 450. இன்னும் தள்ளி 1.2 மீட்டரில் தொங்கவிட்டால் முன்னால் 225 குறையும்.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட பாடம். ஏற்ற மரத்தின் மேல் நடக்கும் ஆளின் எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்குகிறது; மறுபக்கம் நடந்தால் நிறைந்த சால் மேலே வருகிறது. எட்டு வைக்கும் தூரம்தான் எல்லாவற்றையும் செய்கிறது.

டயர் எடைக்கும் தொங்கும் எடைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை டிராக்டர் வாங்குபவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். டயரில் நிரப்பியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நம்பி, முன் ஆக்சிலைத் தேயவிடுகிறார்கள். டயர் எடை பிடிமானம் தரும், வண்டியைத் தரையோடு தாழ்த்தி வைக்கும். முன் ஆக்சிலின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது. பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் எடையால் மட்டுமே அது முடியும்.

பக்கவாட்டுக்கு வருவோம். உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

டிராக்டருக்குச் சக்கரம் நான்கு என்றாலும் அதன் உடல் நிற்பது மூன்று புள்ளிகளில். பின் ஆக்சில் உடலோடு இறுகப் பிணைந்தது. முன் ஆக்சில் அப்படியல்ல. நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது, இரு பக்கமும் மேலும் கீழும் ஆடும். மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க இந்த ஏற்பாடு தேவை. விளைவு என்னவென்றால், இரண்டு பின் சக்கரங்களும் முன்னால் அந்த நடுப் பின்னும் சேர்ந்து ஒரு முக்கோணமாகிறது. அடிப்பாகம் பின்னால், கூர்முனை முன்னால். வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே விழும் கோடு இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் சாயும்.

பக்கெட்டில் சுமை ஏற ஏற ஈர்ப்பு மையம் முன்னால் நகர்கிறது; அதாவது முக்கோணம் குறுகிக்கொண்டே போகும் கூர்முனையை நோக்கி. நம் கணக்கு வண்டியில், பின் சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பக்கெட் காலியாக இருக்கும்போது ஈர்ப்பு மையம் முன் ஆக்சிலுக்கு 67 செ.மீ. பின்னால் இருக்கும். அந்த இடத்தில் முக்கோணத்தின் ஓரம் இரு பக்கமும் 25 செ.மீ. தள்ளி. 400 கிலோ ஜல்லி ஏறியதும் மையம் முன் ஆக்சிலுக்கு வெறும் 23 செ.மீ. பின்னால் வந்துவிடுகிறது. அங்கே ஓரத்துக்கு உள்ள தூரம் 9 செ.மீ. மட்டுமே. பின்னால் 300 கிலோ கட்டியைத் தொங்கவிட்டால் மையம் 53 செ.மீ.க்குத் திரும்புகிறது, ஓரம் 20 செ.மீ. தள்ளிப் போகிறது. டயரில் நிரப்பிய 300 கிலோவுக்கும் இதில் நல்ல பங்கு உண்டு: ஓரம் 16 செ.மீ.; எடை தரைக்கு அருகிலேயே இருப்பது கூடுதல் நன்மை.

இத்தோடு பக்கெட்டை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. உயரம் கூடக் கூட, சிறிய சரிவிலேயே அந்தக் கோடு முக்கோணத்தின் ஓரத்தைத் தொட்டுவிடும். ஜல்லியோடு பக்கெட்டை லாரியில் கொட்டும் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறோம், பின்பாரம் இல்லை என்றால், ஒரு பின் சக்கரம் ஏறத்தாழ அரைச் சாண் பள்ளத்தில் இறங்குவதே போதும். கட்டி தொங்கினால், அதே உயரத்தில், ஒரு சாணுக்கும் மேல் ஆழம் வேண்டும். இது நின்ற நிலைக்கான உத்தேசக் கணக்கு; ஓடும் வண்டிக்கு இதைவிடக் குறைந்த பள்ளமே போதும். முன் ஆக்சில் ஓரளவு ஆடியதும் உடலில் முட்டி நின்றுவிடும், அதற்கப்புறம் முன் சக்கரமும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளியைக் கடந்து சாயும்போது தலைக்கு மேலிருக்கும் 400 கிலோ வேகம் பிடித்திருக்கும். அந்த வேகத்தை முட்டு நிறுத்துமா, தாண்டிப் போகுமா என்று வண்டியில் உட்கார்ந்துகொண்டு முடிவுசெய்ய நேரம் கிடைக்காது.

ஓட்டுபவரின் தலைக்கு மேலோ பின்னாலோ வளைந்து நிற்கும் பாதுகாப்பு இரும்புச் சட்டம் இதற்காகத்தான். புதிய டிராக்டர்களில் அதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு ஸ்வீடன், 1959-இல். அமெரிக்காவில் கூலியாட்கள் ஓட்டும் டிராக்டர்களில், 1976 அக்டோபருக்குப் பின் தயாரானவற்றுக்கு அது கட்டாயமாயிற்று. இந்த இரும்புச் சட்டம் இருந்தும் சீட் பெல்ட் போடாவிட்டால் வண்டி சாயும்போது ஆள் வெளியே எறியப்பட்டு அதே சட்டத்துக்கு அடியில் போகலாம். பின்பாரம் சாய்வதைத் தள்ளிப்போடும். சாய்ந்த பிறகு காப்பது சட்டமும் பெல்ட்டும்தான்.

பிரேக்கையும் மறக்கக்கூடாது. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும். பின் ஆக்சிலில் 275 கிலோ மட்டுமே இருந்தால் சரிவில் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். நான்கு சக்கர இழுவையைப் போட்டுவைத்தால் முன் சக்கரங்களும் கியர் வழியாகப் பின் சக்கரங்களோடு பிணைந்து பிடிக்கும். சுமையோடு சரிவில் போகும்போது பாரம் மேட்டுப் பக்கம் இருக்கவேண்டும் என்பது லோடர் ஓட்டுபவர்களின் விதி: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில்.

கட்டி தொங்குவது, கலப்பையை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில். அதற்கும் எடை நகர்வுக்கும் பழைய உறவு இருக்கிறது. ஹாரி பெர்குசன் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884-இல் பிறந்தவர். முதல் உலகப் போர்க்காலத்தில் டிராக்டர்களின் உழவைக் கவனிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அக்காலத்து டிராக்டர்கள் கலப்பையை மாடு ஏர் இழுப்பதுபோலச் சங்கிலியில் இழுத்தன. மண்ணுக்குள் கலப்பை பாறையில் மாட்டினால் பின் சக்கரம் சுற்றமுடியாமல் நிற்கும். எஞ்சின் முறுக்குவதை நிறுத்தாது. வண்டியின் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர்மேல் மல்லாந்துவிடும். 1917-இல் வந்த போர்ட்சன் டிராக்டர் இதற்குப் பேர்போனது. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என்று முக்கோணமாகக் கலப்பையைப் பிணைத்தால், கலப்பை மாட்டும்போது மேல் கை வண்டியை முன்னோக்கி அழுத்தும், முன்பக்கம் எழும்பாது என்று பெர்குசன் கண்டார். ஹைட்ராலிக்கோடு சேர்த்து 1926-இல் காப்புரிமை பெற்றார். 1938-இல் ஹென்றி போர்டோடு எழுத்தில்லாமல் கைகுலுக்கி உடன்பாடு செய்துகொண்டார். 1939-இல் போர்டு-பெர்குசன் 9என் டிராக்டர் வந்தது. பிற்பாடு மாஸ்ஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்த அவருடைய பெயரைத்தான் 1960-இல் சென்னையில் தொடங்கிய டாபே நிறுவனத்தின் மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களுக்குக் கொண்டுவந்தன. முன்பக்கம் தூக்குவதைத் தடுக்கப் பிறந்த இணைப்பு, இன்று பின்பக்கம் தூக்குவதைத் தடுக்கும் கட்டியைச் சுமக்கிறது.

இணைப்பின் அளவுகளும் அவருக்குப் பின்னால் உலகப் பொதுத் தரமாகிவிட்டன. ஐ.எஸ்.ஓ. 730 என்ற தரத்தின்படி சிறு டிராக்டர்கள் முதல் வகை: கீழ்க் கைகளின் பின் 22 மி.மீ. விட்டம், மேல் கையின் பின் 19 மி.மீ. கீழ்ப் பின்களுக்கு இடையே ஏறத்தாழ 68 செ.மீ., கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின்னுக்கு 46 செ.மீ. உயரம். பெரிய டிராக்டர்களின் இரண்டாம் வகையில் கீழ்ப் பின் 28 மி.மீ. ஆகிறது. இந்த நான்கு அளவுகளும் சரியாக இருந்தால் வீட்டில் செய்த கட்டி எந்தக் கம்பெனி வண்டியிலும் மாட்டும்.

அமெரிக்காவில் மிகப் பிரபலமானது 55 கேலன் எண்ணெய் டிரம். 208 லிட்டர் கொள்ளும். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2,400 கிலோ என்பதால் முழு டிரம் 500 கிலோ. பாதி நிரப்பினால் 250. பலகை அடிக்கவேண்டாம் என்பது அதன் ஒரே பெரிய வசதி. டிரம்மில் எச்சரிக்கை ஒன்று உண்டு, அதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: பெட்ரோல், தின்னர், இரசாயனம் இருந்த டிரம்மை வெட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. காலி டிரம்முக்குள் தங்கியிருக்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் உயிரிழந்தவர்கள் உண்டு.

எனக்குப் பெட்டிதான் பிடிக்கும். டிரம் உயரமாக நிற்பதால் கழற்றி வைக்கும்போது சாயப் பார்க்கும். 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம், 42 செ.மீ. உயரம் என்று சென்ட்ரிங் பலகை அடித்தால் 126 லிட்டர், கான்கிரீட்டில் 300 கிலோ. நம் ஊர் எம்-20 கலவைக் கணக்கில் ஒரு மூட்டை சிமென்ட், ஒன்றரை மடங்கு மணல், மூன்று மடங்கு ஜல்லி, 25 லிட்டர் தண்ணீர். அங்கே கடையில் கிடைக்கும் 36 கிலோ தயார்நிலைக் கலவையில் எட்டு மூட்டை. வார்ப்பிரும்பில் அதே 300 கிலோவுக்கு 42 லிட்டர் இடம் போதும். கான்கிரீட் மூன்று மடங்கு இடம் பிடிப்பது முழுக்கக் குறையல்ல. கனம் பின்னால் தள்ளிப் போவதால் நெம்புகோல் நீள்கிறது. திரும்பும்போது வால் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

செய்பவர்கள் தவறும் இடம் கான்கிரீட்டுக்குள் இரும்பை வைக்கும் விதத்தில். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவையில் அதன் வலு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. மேலே ஒரு கொக்கியைப் பதித்து, அதில் 300 கிலோவும் தொங்கட்டும் என்று விட்டால், குலுங்கிக் குலுங்கிக் கொக்கியைச் சுற்றி விரிசல் ஓடி, ஒருநாள் கொக்கி கூம்பு வடிவக் கான்கிரீட்டோடு பெயர்ந்து வரும். கட்டியின் பாரம் இரும்பின் வழியாகவே டிராக்டருக்குப் போகவேண்டும். கான்கிரீட் அந்த இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கவேண்டும். அதனால் கட்டியின் அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் கெட்டியான உருளைக் கம்பி ஒன்றைக் குறுக்கே ஓடவிட்டு, அதன் இரு முனைகளையும் 22 மி.மீ. பின்களாக வெளியே நீட்டுகிறார்கள். அதிலிருந்து இரண்டு தட்டைப் பட்டைகள் மேலெழுந்து, கட்டிக்கு வெளியே வந்து, மேல் கைக்கான 19 மி.மீ. துளையோடு முடியும். குறுக்குக் கம்பியில் வெல்டிங் வைத்த கட்டுமானக் கம்பிகள் கட்டியின் எல்லா மூலைகளுக்கும் ஓடும். மேல் கையை மாட்டாமல் கீழ்க் கைகளில் மட்டும் தொங்கவிடவே கூடாது. கட்டி பின்களைச் சுற்றிப் புரண்டு டிராக்டரின் பின்புறத்திலேயே வந்து மோதும்.

எடை போதவில்லையென்றால் கலவைக்குள் பழைய இரும்பு போடலாம். பத்து லிட்டர் கான்கிரீட்டின் இடத்தைப் பத்து லிட்டர் இரும்பு பிடித்தால் 54 கிலோ கூடும். பிரேக் டிரம், உடைந்த கலப்பைக் கொழு, தண்டவாளத் துண்டு எல்லாம் ஆகும்; துண்டுகளுக்கிடையே கலவை புகுந்து நிறைய இடம் விட்டு அடுக்கவேண்டும். அலுமினியம் மட்டும் ஆகாது. ஈரச் சிமென்டின் காரத்தோடு அது வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். கட்டி உள்ளுக்குள் பொங்கி வெடிப்பு விடும். கடப்பாறையும் மண்வெட்டியும் செருகிவைக்க பி.வி.சி. குழாய்களை நிறுத்தி வார்ப்பது அங்கே வழக்கம். 10 செ.மீ. குழாய் 40 செ.மீ. ஆழம் இறங்கினால் ஏழரைக் கிலோ எடை குறையும், பாதகமில்லை.

வார்த்த கட்டியை உலரவிடுவதாக நினைத்து வெயிலில் போடுபவர்களும் உண்டு. சிமென்ட் உலர்ந்து இறுகுவதில்லை; தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தால் ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு வலு வரும். 28 நாள் காத்திருந்து மாட்டுவதே சரி. வார்க்கும்போதே கட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் வார்த்தால், பிறகு டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுவந்து கைகளை நுழைப்பது எளிது.

டயரில் நிரப்புவதென்றால் வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, அந்த மட்டம்வரை நிரப்புவார்கள். டயரின் முக்கால் பங்கு வரும். தமிழ்நாட்டில் தண்ணீர் போதும். அமெரிக்காவின் வடக்கிலும் கனடாவிலும் அது உறைந்துவிடும் என்பதால் முன்பு கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பினார்கள். சக்கரத்தின் இரும்பை அது அரித்துத் தின்றது. இப்போது சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகையின் சாறு புழக்கத்துக்கு வந்திருக்கிறது. தண்ணீரைவிட ஏறத்தாழ 1.3 மடங்கு கனம், கடும் பனியிலும் உறையாது, இரும்பை அரிக்காது.

என் விருப்பத்தைக் கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன்: தரையோடு பிடிக்க டயரில் திரவம், முன் ஆக்சிலைக் காக்கப் பின்னால் கட்டி. ஒன்றுதான் முடியும் என்றால் கட்டி.

எவ்வளவு கனம் என்பதற்கு டிராக்டரின் கையேட்டைத்தான் பார்க்கவேண்டும். லோடர் கையேட்டில் குறைந்தபட்சப் பின்பாரம் கிலோவில் கொடுத்திருப்பார்கள். இணைப்பின் தூக்கும் திறன் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் கீழ்க் கைகளின் முனையிலிருந்து 61 செ.மீ. பின்னால் தொங்கும் எடைக்கானது. கட்டியின் மையம் அதையும் தாண்டிப் போனால் திறன் குறையும். பின் டயர்களின் பக்கச் சுவரில் அச்சிட்ட பார வரம்பையும் மீறக்கூடாது. கணக்கில் நம்பிக்கையில்லாதவர்கள் பக்கத்து எடைமேடைக்கு வண்டியை ஓட்டிப் போகலாம். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, முழு வண்டியையும் ஏற்றி ஒருமுறை. பக்கெட்டில் வழக்கமான சுமையோடு கட்டி மாட்டியும் மாட்டாமலும். நான்கு எடைச் சீட்டுகளில் முன் ஆக்சிலின் நிலைமை தெரிந்துவிடும்.

லோடரைக் கழற்றும் நாளில் கட்டியையும் கழற்றவேண்டும். நம் கணக்கு வண்டியில் லோடர் இல்லாமல் கட்டி மட்டும் தொங்கினால் முன் ஆக்சிலில் 350 கிலோதான் நிற்கும். மொத்த 1,500-இல் கால்பங்குக்கும் குறைவு. மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தரையைவிட்டு எழும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். சேற்று வயலில் தேவையில்லாத 300 கிலோவைச் சுமந்து திரிவது மண்ணையும் இறுக்கும்.

கட்டி தயாரானதும் அதன் எடையை எடைமேடையில் பார்த்து, எளிதில் தெரியும் இடத்தில் பெயின்டால் எழுதிவைப்பது நல்ல பழக்கம். கான்கிரீட்டுக்குள் எவ்வளவு இரும்பு போட்டோம் என்பது வார்த்தவருக்கே சில வருடங்களில் மறந்துவிடும். வண்டியை அடுத்து வாங்குபவருக்கோ தெரியவே வழியில்லை. தன் டிராக்டரின் இணைப்பு அதைத் தாங்குமா என்று அவர் முடிவுசெய்ய அந்த எண் வேண்டும்.